எந்த பிக்கப், எத்தனை ஸ்விட்ச்? - ஒரு இரைச்சலின் வரலாறு

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, கிடார் ஒண்ணு ஆர்டர் குடுத்து செய்யப் போறேன். மரம், கலர் எல்லாம் முடிவு பண்ணியாச்சு. இந்த பிக்கப், வயரிங் பக்கம்தான் ஒண்ணும் புரியல. அனுப்பறேன், பார்த்து சொல்லுங்க"ன்னான்.

அனுப்பின படிவத்தைத் திறந்தா ஹோட்டல் மெனு கார்டு கெட்டது போங்க. சிங்கிள் காயிலா, பி-90யா, ஹம்பக்கரா? ஸ்விட்ச் மூணு நிலையா, அஞ்சு நிலையா? காயில் ஸ்ப்ளிட் வேணுமா? ஃபேஸ் ஸ்விட்ச்? வால்யூம் கன்ட்ரோல் 250 கிலோஓமா, 500ஆ? கண்டென்சர் எத்தனை மைக்ரோஃபாரட்? ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம், அதுக்குப் பக்கத்துல கூடுதல் விலை. பையனுக்கு எல்லாக் கட்டத்தையும் டிக் பண்ணிடலாம்னு ஒரு ஆசை. மூணு வருஷமா சேர்த்து வெச்ச காசு வேற.

எனக்கு கிடார்ல நாலு கார்டு வாசிக்க வரும், அவ்வளவுதான். ஆனா சால்ட்ரிங் அயர்ன் பிடிக்க வரும், இந்தக் கதையெல்லாம் பிடிக்கும். அன்னிக்கு ஒரு மணி நேரம் போன்ல அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுதறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. ஒரே வரியில சொல்லணும்னா: அந்த மெனுவுல பாதி, இரைச்சலை விரட்டப் போனவங்க கதை. மீதிப் பாதி, கம்பெனிக்காரன் நினைக்காததை வாசிக்கறவன் செஞ்ச கதை. இது தெரியாம டிக் பண்ணினா காசுதான் வேஸ்ட்.

முதல்ல பிக்கப்னா என்னன்னு பார்த்துடுவோம். ஒரு காந்தம். அதைச் சுத்தி தலைமுடியை விட மெல்லிசான செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுத்து. அதுக்கு மேல இரும்புத் தந்தி. தந்தி துடிச்சா காந்தப்புலம் அசையும், புலம் அசைஞ்சா சுருள்ல மின்னழுத்தம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831ல கண்டுபிடிச்ச அதே சங்கதி. தந்தி இரும்பா இருக்கணும். நைலான் தந்தி போட்ட கிடாருக்கு இது வேலை செய்யாது. வீணைக் கச்சேரியில தந்திக்குக் கீழ சின்னதா ஒரு கறுப்புப் பட்டை மாட்டியிருப்பாங்களே, அதுவும் பெரும்பாலும் இதே ஜாதிதான்.

இது ஏன் தேவைப்பட்டுச்சு? 1920கள்ல அமெரிக்காவுல டான்ஸ் பேண்டுகள் பெருசாயிட்டே போச்சு. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் நடுவுல பாவம் கிடார்க்காரன் உட்கார்ந்து வாசிக்கறது அவனுக்கே கேட்காது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜார்ஜ் பூஷாம்ப்னு ஒருத்தர். ஹவாயன் கிடார் வாசிப்பாரு. சத்தத்துக்கு வழி தேடித் தேடி, ரெண்டு குதிரைலாட காந்தத்தைத் தந்திகளைச் சுத்தி வளைச்சு வெச்சு, கீழ ஒரு சுருளை வெச்சாரு. வேலை செஞ்சுது. அடால்ஃப் ரிக்கன்பேக்கரோட சேர்ந்து 1932ல விற்பனைக்கும் கொண்டு வந்தாரு. வார்ப்பு அலுமினியத்துல வட்ட உடம்பும் நீளமான கைப்பிடியுமா இருந்ததால அதுக்கு 'வறுவல் சட்டி'ன்னே பேர் விழுந்துடுச்சு. காப்புரிமைக்கு 1934ல விண்ணப்பிச்சு, கையில கிடைச்சது 1937ல. அதுக்குள்ள மத்த கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? ஆளாளுக்கு ஒரு பிக்கப் செஞ்சு இறக்கிட்டாங்க.

1936ல கிப்சன் கம்பெனி இஎஸ்-150ன்னு ஒரு கிடார் கொண்டு வந்தது. அதை வெச்சுக்கிட்டு 1939ல பென்னி குட்மேன் குழுவுல சேர்ந்தாரு சார்லி கிரிஸ்டியன். கிடார்னா பின்னாடி தாளத்துக்கு வெட்டிக்கிட்டு இருக்கற வாத்தியம்ங்கறது போய், சாக்ஸபோனோட சரிக்குச் சரியா நின்னு சோலோ வாசிக்கற வாத்தியம்னு ஆச்சு. 1942ல, 25 வயசுல காசநோயில போயிட்டாரு. அந்த பிக்கப்பை இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லித்தான் விக்கறாங்க.

சரி, சத்தம் வந்தாச்சு. கூடவே ஒரு சனியனும் வந்தது. அதான் ஹம்.

யோசிச்சுப் பாருங்க. ஆயிரக்கணக்கான சுத்து செப்புக் கம்பி. அதுக்குத் தந்தி எது, டிரான்ஸ்ஃபார்மர் எது, டியூப்லைட் சோக் எதுன்னு என்ன தெரியும்? சுத்தி இருக்கற வீட்டு மின்சாரத்தோட புலம் எல்லாத்தையும் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கும். அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஆம்ப்ளிஃபையரை ஏத்தினா 'ம்ம்ம்ம்'னு ஒரு முனகல். பிக்கப் வரலாறு முழுக்க இந்த முனகலோட நடந்த மல்லுக்கட்டுதான்.

இப்ப ரெண்டு முகாமா பிரிச்சுக்கலாம். ஒண்ணு கலிபோர்னியா, இன்னொண்ணு மிச்சிகன்.

கலிபோர்னியாவுல ஃபுல்லர்ட்டன்ங்கற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவரு லியோ ஃபெண்டர். அவருக்கு கிடார் வாசிக்கவே தெரியாது! ரிப்பேர்க்காரரா இருந்ததால எதையும் சீக்கிரம் கழட்டி மாட்டற மாதிரி யோசிப்பாரு. 1950ல பிராட்காஸ்டர்னு ஒரு கிடார். பேர் தகராறுல அது 1951ல டெலிகாஸ்டர் ஆச்சு. கட்டைக்குள்ள குழி பறிச்சு, ஒல்லியா ஒத்தைச் சுருள் பிக்கப் ரெண்டு. இதைத்தான் சிங்கிள் காயில்னு சொல்றோம். சத்தம் பளிச்சுன்னு, கண்ணாடி உடைஞ்ச மாதிரி தெளிவா இருக்கும். ஹம்மும் தெளிவா இருக்கும் :-)

அதோட வயரிங்கைப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். ஸ்விட்ச் மூணு நிலை. 1952ல இருந்து 1967 வரைக்கும் ஒரு நிலையில பிரிட்ஜ் பக்க பிக்கப், நடு நிலையில கழுத்துப் பக்க பிக்கப், மூணாவதுல கழுத்து பிக்கப்போட ஒரு கண்டென்சரைச் சேர்த்து பாஸ் கிடார் மாதிரி மொத்தையா ஒரு சத்தம். ரெண்டு பிக்கப்பையும் ஒண்ணா கேக்கற நிலையே கிடையாது! இன்னிக்கு டெலிகாஸ்டர்னாலே நடு நிலை, ரெண்டும் சேர்ந்த சத்தம்னு எல்லாரும் நினைக்கறோம். அது 1967ல வந்த மாற்றம்.

1954ல ஸ்ட்ராட்டோகாஸ்டர். பிக்கப் மூணு, ஆனா ஸ்விட்ச் அதே மூணு நிலைதான். பிரிட்ஜ், நடு, கழுத்து. ஒரு நேரத்துக்கு ஒண்ணு. லியோவோட கணக்கு அவ்வளவுதான். ஆனா வாசிக்கறவங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. ஸ்விட்சை ரெண்டு நிலைக்கு நடுவுல, அதுலயும் நிக்காம இதுலயும் நிக்காம பேலன்ஸ் பண்ணி நிறுத்தினா ரெண்டு பிக்கப்பும் ஒண்ணா பேசும். வாத்து கத்தற மாதிரி உள்வாங்கின ஒரு சத்தம், வேற எதுலயும் வராது. பாட்டு நடுவுல கை பட்டா ஸ்விட்ச் பழையபடி ஓடிடும். அதனால அங்கேயே நிக்கற மாதிரி எதையாவது செஞ்சு சமாளிச்சாங்க.

ஃபெண்டர் கம்பெனி அஞ்சு நிலை ஸ்விட்சை வழக்கமா மாட்ட ஆரம்பிச்சது 1977ல. கணக்குப் போடுங்க, 23 வருஷம்! அடுத்த வருஷமே, 1978ல, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவோட 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' வந்தது. மார்க் நாஃப்ளர் வாசிச்ச அந்த கிடார் சத்தம் இந்த நடுவாந்தர நிலைதான். உலகத்துக்கே அந்தச் சத்தம் பழகிப் போச்சு.

இந்தச் சத்தத்தை 'அவுட் ஆஃப் ஃபேஸ்'னு சொல்றவங்க நிறைய பேர். தப்பு. ரெண்டு பிக்கப்பும் ஒரே திசையிலதான் பேசுது. தந்தியோட ரெண்டு வேற இடத்துல கேக்கறதால சில மேல் ஸ்வரங்கள் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது, அவ்வளவுதான். நிஜமான அவுட் ஆஃப் ஃபேஸ் வேற. அதுக்குப் பின்னாடி வரேன்.

இப்ப மிச்சிகன், கலமசூ நகரம், கிப்சன் கம்பெனி. 1946ல அவங்க பி-90ன்னு ஒரு பிக்கப் கொண்டு வந்தாங்க. இதுவும் ஒத்தைச் சுருள்தான், ஆனா அகலமான சுருள். ஃபெண்டரை விட சதைப்பற்றான சத்தம். 1952ல வந்த முதல் லெஸ் பால் கிடார்ல இதுதான். முனகல்? தாராளமா.

அங்க ஆம்ப்ளிஃபையர் வேலை பார்த்தவரு செத் லவர். ஆம்ப்ளிஃபையர்ல சோக் சுருள் ஹம்மை வாங்காம இருக்க, ரெண்டு சுருளை எதிரெதிரா வெக்கற வித்தை அவருக்குத் தெரியும். அதையே பிக்கப்ல செஞ்சா என்னன்னு யோசிச்சாரு. இதுதான் கதையோட முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா படிங்க.

பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சுருள். ஒண்ணுக்கு மேல் பக்கம் காந்தத்தோட வடமுனை, இன்னொண்ணுக்கு தென்முனை. சுருள் ரெண்டும் எதிரெதிர் திசையில இணைப்பு. வெளியில இருந்து வர்ற ஹம்முக்கு காந்தத்தைப் பத்தி கவலையே இல்ல. ரெண்டு சுருள்லயும் ஒரே மாதிரி நுழையும், இணைப்பு எதிரெதிரா இருக்கறதால ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். ஆனா தந்தியோட சத்தம் காந்தம் வழியாத்தான் வரணும். அது காந்தத்துல ஒரு தடவை தலைகீழ் ஆகுது, இணைப்புல இன்னொரு தடவை தலைகீழ் ஆகுது. ரெண்டு கழித்தல் சேர்ந்தா கூட்டல். ஹம் போச்சு, பாட்டு நின்னுச்சு. எட்டாங்கிளாஸ் கணக்குதான். எவ்வளவு அழகு பாருங்க.

ஹம்மை மடக்கறதால பேர் ஹம்பக்கர். 1955ல காப்புரிமைக்கு விண்ணப்பம், 1957ல கிடார்ல ஏறிச்சு, 1959ல காப்புரிமை கிடைச்சது. அதே காலத்துல ரே பட்ஸ்ங்கறவரு தனியா இதே வழியில யோசிச்சு கிரெட்ச் கம்பெனிக்கு ஃபில்டர்ட்ரான் செஞ்சு குடுத்தாரு. நல்ல யோசனை எப்பவும் ரெண்டு வீட்டுக் கதவைத் தட்டும் போல.

முதல் சில வருஷ ஹம்பக்கருக்கு அடியில 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது'ன்னு ஆங்கிலத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதோட முதல் எழுத்துகளைச் சேர்த்து 'பிஏஎஃப்'னு சொல்றாங்க. இன்னிக்கு ஒரிஜினல் பிஏஎஃப் ஒரு ஜோடிக்கு கொடுக்கற விலையில நல்ல புது கிடாரே வாங்கலாம். அப்புறம் ஒட்டின ஸ்டிக்கர்ல காப்புரிமை எண் போட்டாங்க. ஆனா அது ஹம்பக்கரோட எண்ணே இல்ல, லெஸ் பால் வாங்கின வேற ஒரு காப்புரிமையோட எண்! போட்டிக்காரனைக் குழப்பறதுக்கா, இல்ல கைத்தவறான்னு இன்னிக்கும் ரெண்டு கட்சி.

அந்த பிஏஎஃப் ஏன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லன்னு தெரியுமா? சுத்து எண்ணறதுல கறார் கிடையாது. சுருளுக்கு சுமார் 5000 சுத்து, கொஞ்சம் முன்ன பின்ன. கையில கிடைச்ச அல்நிகோ காந்தம். அதனால ஒண்ணு 7 கிலோஓம் சொச்சம் காட்டும், ஒண்ணு 9ஐத் தொடும். ரெண்டு சுருள்ல சுத்து ஏற்றத்தாழ்வா இருந்தா ஹம் முழுசா சாகாது, ஆனா மேல் சத்தம் கொஞ்சம் தெளிவா வரும். இன்னிக்கு அந்தக் கவனக்குறைவையே கணக்குப் போட்டு காப்பி அடிச்சு தனி விலை வெச்சு விக்கறாங்க. அந்தக் கட்டமும் படிவத்துல இருந்தது :-)

ஹம்பக்கருக்கு ஒரு விலை உண்டு. ரெண்டு சுருளை தொடரா இணைக்கறதால உச்ச அதிர்வெண்கள் அடி வாங்கும். ஃபெண்டரோட பளிச் இருக்காது. கனமா, உருண்டையா இருக்கும். ஆக, சுத்தமான அமைதி வேணும்னா பளிச்சை விடணும். பளிச் வேணும்னா முனகலைப் பொறுத்துக்கணும். 1957லேர்ந்து இதுதான் பேரம்.

இனி சொந்தமா கை வெச்சவங்க கதை. மூணு பேர் போதும்.

முதல்ல பிரையன் மே. 1963ல லண்டன் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடப் பையன். கிடார் வாங்கக் காசில்ல. அப்பாவோட சேர்ந்து வீட்டுலயே செய்ய ஆரம்பிச்சான். பழைய கணப்படுப்புச் சட்டத்து மரம், மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். பிக்கப்பும் முதல்ல சொந்தமாத்தான். ஆனா தந்தியை வளைச்சு இழுத்தா கரகரன்னு ஒரு சத்தம் வந்தது. சரின்னு கடையில பர்ன்ஸ் ட்ரை-சோனிக் மூணு வாங்கி, உள்ள அரால்டைட் ஊத்தி இறுக்கினாங்க. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ரெண்டு ஸ்விட்ச்: ஒண்ணு ஆன்/ஆஃப், ஒண்ணு ஃபேஸ். மொத்தம் ஆறு. குவீன் குழுவோட பாட்டுல நீங்க கேட்ட கிடார் அதுதான். ஆறு ஸ்விட்சும் அலங்காரத்துக்கு இல்ல. பாட்டுக்குப் பாட்டு, வரிக்கு வரி வேற குரல் தேவைப்பட்ட ஆள் அவர்.

ரெண்டாவது பீட்டர் கிரீன். ஃப்ளீட்வுட் மேக் குழுவை ஆரம்பிச்சவர். அவரோட 1959 லெஸ் பால்ல ஒரு பிக்கப்போட காந்தம் திரும்பிக் கிடந்தது. ரெண்டு பிக்கப்பையும் ஒண்ணா போட்டா ஒண்ணை ஒண்ணு கழிச்சு, ஒல்லியா, மூக்கால அழற மாதிரி ஒரு சத்தம். இதுதான் நிஜமான அவுட் ஆஃப் ஃபேஸ். அந்த கிடார் அவர் கையில இருந்து கேரி மூருக்குப் போச்சு, இப்ப மெட்டாலிகாவோட கிர்க் ஹேமெட் கிட்ட இருக்கு. படிவத்துல 'ஃபேஸ் ஸ்விட்ச்'னு ஒரு கட்டம் இருக்கே, ஏறக்குறைய அந்தத் தலைகீழ்க் காந்தத்துக்குத்தான் நாம காசு கட்டறோம்.

மூணாவது, நேர் எதிர். எட்டி வான் ஹேலன். 1970கள்ல ஸ்ட்ராட் மாதிரி ஒரு மலிவு கட்டையை வாங்கி, பழைய கிப்சன்லேர்ந்து கழட்டின ஒரு ஹம்பக்கரை பிரிட்ஜ் பக்கம் திணிச்சாரு. சத்தத்தை ஏத்தினா வீல்னு கத்தாம இருக்க பிக்கப்பை உருக்கின மெழுகுல முக்கினாரு. மத்த வயரிங்கை எப்படி மாட்டறதுன்னு தெரியல, விட்டுட்டாரு! ஒரு பிக்கப், ஒரு வால்யூம், அவ்வளவுதான். 1978ல முதல் ஆல்பம் வந்ததும் கிடார் உலகமே அந்த ஒத்தை பிக்கப் பின்னாடி ஓடிச்சு.

இவங்களை மாதிரி கை வெக்கறவங்க பெருகினதும், பிக்கப்பையே தனியா விக்கற தொழில் பொறந்தது. 1970களோட தொடக்கத்துல லாரி டிமார்சியோ, 1976ல செய்மூர் டங்கன் கம்பெனி. ஹம்பக்கருக்கு நாலு வயர் வெளியில விட்டாங்க. ரெண்டு சுருளையும் தனித்தனியா ஆளலாம். புல்-புஷ் வால்யூம் குமிழை இழுத்தா ஒரு சுருள் அணைஞ்சு, ஹம்பக்கர் சிங்கிள் காயிலா மாறும். இதுதான் காயில் ஸ்ப்ளிட்.

இங்கதான் எனக்கு சிரிப்பு வரும். செத் லவர் மண்டையை உடைச்சு ரெண்டாவது சுருளைச் சேர்த்தாரு. நாம எக்ஸ்ட்ரா காசு குடுத்து அதை அணைக்கறோம். அணைச்சதும் என்ன திரும்பி வரும்? அதே பழைய 'ம்ம்ம்ம்'. அதுலயும் பாதி ஹம்பக்கர் முழு ஃபெண்டர் ஆகாது. சுருளும் வேற, காந்தம் இருக்கற விதமும் வேற. தேவைன்னா வெச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா ரெண்டு கிடார் ஒரு விலையில கிடைக்குதுன்னு நினைச்சு டிக் பண்ணக் கூடாது.

வால்யூம், கண்டென்சர் பத்தி சுருக்கமா. ஒத்தைச் சுருளுக்கு 250 கிலோஓம், ஹம்பக்கருக்கு 500ங்கறது வழக்கம். மதிப்பு குறைஞ்சா உச்ச சத்தம் கொஞ்சம் எர்த்துக்கு வழிஞ்சுடும். பளிச்சுன்னு இருக்கற பிக்கப்புக்கு அது நல்லது, மந்தமான பிக்கப்புக்கு ஆகாது. கண்டென்சரும் அப்படித்தான். டோன் குமிழைக் குறைக்கும்போது எவ்வளவு மேல் சத்தத்தை வெட்டணும்ங்கறதுதான் அதோட வேலை. 0.022 கொஞ்சமா வெட்டும், 0.047 அதிகமா வெட்டும். குமிழை 10லயே வெச்சு வாசிக்கற ஆளுக்கு தங்கமுலாம் கண்டென்சர் எதுக்கு?

கடைசியா பையன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எந்தப் பாட்டைக் கேட்டு உனக்கு கிடார் ஆசை வந்துச்சுடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங், மாமா"ன்னான்.

பாதிப் படிவம் அங்கேயே முடிஞ்சுடுச்சு. மூணு சிங்கிள் காயில், அஞ்சு நிலை ஸ்விட்ச். நடு பிக்கப் மட்டும் எதிர்ச் சுத்து, எதிர்க் காந்தம். 1954ல இது கிடையாது, பின்னாடி வந்த நல்ல புத்தி. இதனால அவனுக்குப் பிடிச்ச அந்த நடுவாந்தர ரெண்டு நிலையிலயும் ரெண்டு பிக்கப் சேர்ந்து ஹம்பக்கர் கணக்குல ஹம்மை அடிச்சுடும். அதாவது, லியோ ஃபெண்டர் நினைச்சே பார்க்காத நிலையில, செத் லவரோட கணக்கு வேலை செய்யுது. ஃபேஸ் ஸ்விட்ச், காயில் ஸ்ப்ளிட், தங்கக் கண்டென்சர் எல்லாம் அடிச்சாச்சு. மிச்சமான காசுக்கு நல்ல ஸ்விட்ச், நல்ல ஜாக், குழிக்குள்ள செப்புத் தகடு ஒட்டி எர்த் பண்ற வேலை.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கூடுதலா சொன்னேன். "மரத்துல பறிக்கற குழியை மட்டும் பெருசா பறிக்கச் சொல்லு. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் உட்கார்ற அளவுக்கு இடம் விடச் சொல்லு. மேல மூடற பிளாஸ்டிக் தகடு அதை மறைச்சுடும். வயரை நாளைக்கு நீயே சால்ட்ரிங் பண்ணி மாத்தலாம். மரத்தை மாத்த முடியாது." முப்பது வயசுல அவனுக்கு வேற பாட்டு பிடிக்கும் இல்லையா?

"அப்ப ஆறு ஸ்விட்ச் வேணாமா மாமா?"ன்னான், கொஞ்சம் ஏக்கமா.

"பிரையன் மேக்கு எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தெரிஞ்சிருந்தது. உனக்குத் தெரியற அன்னிக்கு போட்டுக்கலாம். குழிதான் பெருசா இருக்கே"ன்னேன்.

கிடார் இன்னும் வரல. வந்ததும் டியூப்லைட் பக்கத்துல நிறுத்தி, ஸ்விட்சை முதல் நிலையில இருந்து ரெண்டாவதுக்குத் தள்ளச் சொல்லியிருக்கேன். 'ம்ம்ம்ம்' சட்டுனு அடங்கும் பாருங்க, அந்த ஒரு நொடியைக் கேக்கணும். சொந்தமா வயரிங்ல கை வெச்சு சுட்டுக்கிட்டவங்க யாராவது இருந்தா உங்க கதையையும் எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.